நாற்பத்து மூன்று நிமிஷம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பில் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், மனசுதான் நேற்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஒரு லிஃப்டைப் பழுதுபார்த்து முடித்த கை காய்வதற்குள் அடுத்த லிஃப்டுக்குள் நுழையாமல், கொஞ்சமாவது முதுகைச் சாய்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. நாங்கள் ஊருக்குக் கிளம்புவதைச் சொல்ல, இன்று காலை க்ளினிக்கைத் திறந்து வைத்துவிட்டு, பல் டாக்டர் வருவதற்கு முன்னால் உனக்கு மூன்று தரம் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை, எந்தக் கட்டடத்து லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருந்தாயோ. எடுக்காததும் நல்லதுதான் என்று பிறகு தோன்றியது. மத்தியானம் எனக்குத் தெரிய வந்ததைப் போனில் சொன்னால் நீ முதல் வார்த்தையே "அப்பா சொன்னாரா?" என்று கேட்பாய், நான் இல்லை என்பேன், நீ "சரிம்மா, வேலை கிடக்கு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, பார். மாடி வீட்டு லாரிக்காரர் இன்று சாயங்காலம் ஆறு மணிக்குத் தரைக்குப் போடும் டைல்ஸ் ஏற்றிக்கொண்டு உன் ஊருக்குக் கிளம்புகிறார், வெள்ளிக்கிழமை காலை உன் ஒர்க்ஷாப்புக்கே வந்து உன் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். இப்போது மணி மூன்றரை. சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா முன்னறையில் பெட்டியின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார். பெரியம்மாவுக்கு எழுதுவதாக அவரிடம் ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த ரயில் பாஸ் விஷயம் உனக்குப் பாதி தெரியும், மீதியையும் சொல்லிவிடுகிறேன். அப்பா ரிட்டயர் ஆனபோது பஸ் டிப்போவின் டிரைவர்களும் கண்டக்டர்களும் சேர்ந்து கொடுத்தது. இரண்டு பேருக்கு, ஏழு நாளைக்கு, வட்டார ரயில்கள் எல்லாவற்றிலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம் இறங்கலாம், எக்ஸ்பிரஸில் மட்டும் ஏறக் கூடாது. முப்பத்து மூன்று வருஷம் எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த டிரைவர் எதில் ஏற வேண்டும் என்று டூட்டி போட்ட மனுஷன் ஒரு தடவையாவது தான் கிளம்பட்டும் என்று அவர்களுக்கு ஆசை. அவருக்கு டிப்போவில் 'ஏழு நிமிஷம்' என்று பெயர் இருந்தது உனக்கு ஞாபகமிருக்கும், எந்த வண்டிக்கு நேரம் போட்டாலும் கூடவே ஏழு நிமிஷம் சேர்த்துப் போடுவார், அதனால்தான் என் வண்டி ஒன்றும் லேட் ஆனதில்லை என்று மார்தட்டிக்கொள்வார். வீட்டில் உட்கார்ந்த இந்த இரண்டு மாதத்தில் அந்த ஏழு நிமிஷத்தையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டார். குக்கர் வைத்தால் நேரம் குறிக்கிறார், நான் குளித்துவிட்டு வந்தால் கடிகாரத்தைப் பார்க்கிறார், தினமும் தெருமுனை பஸ் ஸ்டாப்பில் போய் நின்று எந்த வண்டி எவ்வளவு தாமதம் என்று எழுதுகிறார். போன வாரம் ஒரு கண்டக்டர் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்து, "சார், ரிட்டயர் ஆயிட்டும் எங்கள விட மாட்டீங்களா?" என்று கேட்டாராம். அசடு வழியத் திரும்பி வந்தார். அன்றைக்குத்தான் பாஸை வெளியே எடுத்தார்.

எடுத்தவர் சும்மா இருந்தாரா. டிப்போவில் வீணாய்ப் போன டூட்டி ஷீட்டுகள் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார், அவற்றின் பின்பக்கத்தில் கோடு போட்டுத் திட்டம் எழுத ஆரம்பித்தார். வண்டி, புறப்பாடு, சேருகிற நேரம், நிற்கிற நேரம், கடைசியில் காரணம் என்று ஐந்து பத்தி. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் காரணம் எழுதியாக வேண்டும், அது அவர் பழக்கம். 'டீ' என்று இருக்கும், 'வண்டி மாற' என்று இருக்கும், 'ஏரி பார்க்க' என்று இருக்கும், ஓரிடத்தில் 'இவள் முட்டிக்கு ஓய்வு' என்றுகூட எழுதியிருந்தார், எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடுத்த திங்கட்கிழமை கிளம்புவதாக முடிவு. முதல் நாள் ஏரி, இரண்டாம் நாள் பெரியம்மா வீடு, மூன்றாம் நாள் பதினாறு குகைக்குள் நுழைந்து வெளியே வருகிற மலைப்பாதை, நாலாம் நாள் உன் ஊர்ப் பக்கமாக லைன் முடியும் வரைக்கும், பிறகு கடலோரமாகத் திரும்புவது. இதையே பதினோரு தரம் மாற்றி எழுதினார். ஒரு நாள் ஏரி முன்னால் வரும், மறுநாள் மலை முன்னால் வரும், காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்று, "அந்த ஜங்ஷன்ல நாலு நிமிஷத்துல வண்டி மாற முடியுமா உன்னால?" என்று கேட்பார். வாயில் நுரையோடு என்ன பதில் சொல்வது. நானும் சேர்ந்து அலைய ஆரம்பித்துவிட்டேன், க்ளினிக்கில் ஒரு நோயாளிக்கு நாள் குறித்துக் கொடுக்கும்போது "பத்து அம்பதுக்கு ரெண்டாவது பிளாட்பாரம்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஆள் பல்வலியோடு முழித்தார்.

நேற்று சாயங்காலம்தான் விபரீதம் நடந்தது. ஒன்றாம் பிளாட்பாரத்திலிருந்து மூன்றாம் பிளாட்பாரத்துக்குப் படி ஏறி இறங்க எனக்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்று ஒத்திகை பார்க்க ஸ்டேஷனுக்குப் போனார். என் பைக்குள் பழைய நியூஸ்பேப்பரைத் திணித்துக்கொண்டு, என் நடையிலேயே மூன்று தடவை ஏறி இறங்கியிருக்கிறார், யாராவது தெரிந்தவர்கள் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள். அங்கே பிளாட்பாரத்தில் ஒரு மஞ்சள் பெட்டி இருக்கிறது, பிரயாணம் தொடங்குகிற அன்றைக்கு அதில் பாஸை நுழைத்தால் தேதி முத்திரை விழும், அன்றையிலிருந்து ஏழு நாள் கணக்கு. பாஸை நேராக நுழைக்க வேண்டுமா திருப்பி நுழைக்க வேண்டுமா என்று இவருக்குச் சந்தேகம். திங்கட்கிழமை அவசரத்தில் தடுமாறக் கூடாதே என்று மூலையை மட்டும் வைத்துப் பார்த்திருக்கிறார். அது இழுத்துக்கொண்டு டக்கென்று அடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை தேதி, கறுப்பு மையில், அழியாமல். டிக்கெட் ஜன்னலில் இருந்த பெண்ணிடம் போய் முறையிட்டிருக்கிறார், அவள், "அடிச்ச முத்திரைய எடுக்க முடியாது சார், பேசாம கிளம்பிடுங்க" என்றாளாம். கிளம்பின வண்டி கிளம்பினதுதான் என்று முப்பத்து மூன்று வருஷம் டிரைவர்களிடம் கத்தினவரிடமே அது திரும்பி வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, குறைந்த மார்க் வாங்கின பிள்ளை மாதிரி பாஸை என் முன்னால் வைத்துவிட்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. செவ்வாய் போய்விட்டது, இன்று புதனும் போகிறது, வருகிற திங்களோடு பாஸ் முடிகிறது, மீதி இருப்பது ஐந்து நாள். நாளை விடியற்காலை ஐந்து ஐம்பது வண்டியில் கிளம்புகிறோம்.

லீவை மாற்றிக் கேட்கப் பயந்துகொண்டேதான் இன்று டாக்டர் முன்னால் நின்றேன். அவர், "பல் வலிக்கிறவங்க உங்க ரயிலுக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்களாம்மா?" என்று அந்தக் கீச்சுக் குரலில் கேட்டுவிட்டு, பிறகு தானே போனையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், நல்ல மனுஷன். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் முன்னறைத் தரை முழுக்கக் காகிதம். பன்னிரண்டாவது திட்டம் தயார். எடுத்துப் பார்த்தேன், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏரி இல்லை. பெரியம்மா வீடு இல்லை. குகைகள் இல்லை, கடலோரமும் இல்லை. வியாழன் முழுக்க வண்டி, வெள்ளி முழுக்க வண்டி, சனி பகலில் லைனின் கடைசி ஸ்டேஷன், ஞாயிறும் திங்களும் போன வழியே திரும்பி வீடு. இதற்குப் பேர் சுற்றுலாவா, அஞ்சு நாள் ஜெயிலில் போட்ட மாதிரி அல்லவா இருக்கிறது என்று கத்தினேன். பெரியம்மாவிடம் நான் வருகிறேன் என்று வேறு சொல்லியாகிவிட்டது, அவளுக்கு என்ன பதில் சொல்வது. நாளைக்கே ஏரிக்குப் போவோம், அங்கிருந்து அக்கா வீடு, ஐந்து நாள் தாராளமாகப் போதும் என்றேன். அந்த வண்டி கூட்டமாக இருக்கும் என்றார். அந்த லைனில் ஒரு பெட்டிக்கு ஆறு பேர் ஏறினால் அதிகம். சரி, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்துப் பழைய திட்டப்படியே நாலாம் நாள் லைன் கடைசிக்குப் போகலாமே என்றேன். மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழம அங்க வண்டி ரெண்டு நிமிஷம்தான் நிக்கும், தெரியாம பேசாத" என்றார். சொன்னவர் சட்டென்று நிறுத்திக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். எங்கே இரண்டு நிமிஷம், அது நின்றால் என்ன நிற்காவிட்டால் என்ன என்று எனக்கு முதலில் விளங்கவே இல்லை.

அவர் திரும்பி வருவதற்குள் பன்னிரண்டு காகிதத்தையும் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முட்டி வலியைக்கூட மறந்துவிட்டேன். உன் ஊர் ஸ்டேஷனில் பதினொன்று பன்னிரண்டுக்கு வருகிற வண்டி, எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டுப் பதினொன்று ஐம்பத்தைந்து வரைக்கும் நிற்கிறது. நாற்பத்து மூன்று நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்பிரஸ் கிடையாது, அதனால் இரண்டே நிமிஷம். பன்னிரண்டு காகிதத்திலும் ஏரி இடம் மாறியிருக்கிறது, மலை இடம் மாறியிருக்கிறது, பெரியம்மா வந்து வந்து போயிருக்கிறாள், அந்த நாற்பத்து மூன்று நிமிஷம் மட்டும் ஒன்றில்கூட அசையவில்லை. பாஸ் கெட்டுப்போன பிறகு மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டு அதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். நான் இன்னொன்றும் பார்த்தேன். அந்த வரியில் காரணம் என்ற பத்தி காலி. பன்னிரண்டிலும் காலி. காரணம் எழுதாத ஷீட்டைக் கொண்டுவந்தால் டிரைவரைத் திருப்பி அனுப்புகிற மனுஷன் அது. தரையிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டு, சரி உங்க இஷ்டம் என்றேன். ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த வீம்பிலேயே அந்த வரியையும் அடித்திருப்பார், அவரை எனக்குத் தெரியாதா.

உன்னையும் எனக்குத் தெரியும், அதுதான் என் பயம். நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை நான் மறுபடி கிளற வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் ஒரே ஒரு தடவை என் வாயால் சொல்லிவிடுகிறேன். தனக்கென்று யாரிடமும் ஒரு துரும்பு கேட்காத மனுஷன், உனக்காக டிப்போ மானேஜர் ரூம் வாசலில் மடித்த காகிதத்தோடு ஒன்றரை மணி நேரம் நின்று அந்த ஆபீஸ் வேலையை வாங்கித் தந்தார். நீ ஐந்து மாதத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு லிஃப்ட் வேலை கற்றுக்கொள்ள அவ்வளவு தூரம் போனாய். உனக்கு நாற்காலியில் உட்கார முடியாது என்பது எனக்குத் தெரியும், எட்டு வயதிலேயே மிக்ஸியைக் கழற்றிப் போட்டவள்தானே. போனது தப்பில்லை, சொல்லாமல் போனது தப்பு. மானேஜர் சொல்லித்தான் பெற்ற மகள் வேலையை விட்டது அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவர் பேசியதும் தப்புத்தான். நான் ஜனங்களை ஊர் ஊராக அனுப்பினேன், இவள் மேலும் கீழுமாக ஏற்றி இறக்கப் போகிறாளாக்கும் என்று ஏளனம் செய்திருக்க வேண்டாம். "இனிமே அவ வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்று அவர் சொல்ல, "உங்கள யாரு கூப்பிட்டா?" என்று நீ போனிலேயே சொல்ல, போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் நான் நின்றேன். அன்றையிலிருந்து நடுவிலேயேதான் நிற்கிறேன். அவரிடம் உன்னைப் பற்றிப் பாதி, உன்னிடம் அவரைப் பற்றிப் பாதி என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, கண்ணு. கால் வலிக்கிறது.

அந்தக் கோபத்தில் இத்தனை வருஷமும் அவர் லிஃப்டில் கால் வைத்ததில்லை. என்னைக் கூட்டிப் போக க்ளினிக்குக்கு வந்தால் மூன்று மாடியும் படியேறி மூச்சு வாங்க வந்து நிற்பார், டாக்டர்கூட, சாருக்கு லிஃப்ட் என்றால் பயமா என்று கேட்டிருக்கிறார். போன மாதம் ஒரு நாள் மூச்சு வாங்காமல் வந்தார். இறங்கும்போது என்னோடு லிஃப்டுக்குள் வந்து நின்று, சுவரில் ஒட்டியிருந்த சீட்டில் யார் எந்தத் தேதியில் சோதித்தார்கள் என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். படித்துவிட்டு, "இந்தக் கதவு ரெண்டு செகண்டு லேட்டா மூடுது, எவனோ சரியா பாக்கல" என்றார். உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும், எங்கே இரண்டு பேரும் என்மேல் பாய்வீர்களோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். சனிக்கிழமை உனக்கு அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்து டூட்டி என்று போன வாரம் சொன்னாய், அதை உன் ஜோடி மெக்கானிக்கிடம் எப்படியாவது மாற்றிக்கொள், கெஞ்சி வேண்டுமானாலும் கேள், உன் அப்பா உனக்காகக் கேட்டார் அல்லவா. வேலை உடுப்பிலேயே வா, அதை மாற்றப் போய்த் தாமதம் பண்ணாதே, அவர் பார்க்கட்டும். பிளாட்பாரத்துக்கு மட்டும் வா. வீட்டுக்கு வாருங்கள் என்று எடுத்த எடுப்பில் கூப்பிட்டுவிடாதே, அவர் வாய்விட்டுச் சொன்ன வார்த்தை அது, தலைகீழாக நின்றாலும் அன்றைக்கே விட்டுக்கொடுக்க மாட்டார். வாசப்படியைத்தானே மிதிக்க மாட்டேன் என்றார், பிளாட்பாரத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. அவராக முதலில் பேசவும் மாட்டார், நீ வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி எக்ஸ்பிரஸ் வருகிறதா என்று பார்ப்பார். நீ அதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விடாதே. அந்தக் கதவு இரண்டு செகண்டு லேட்டாக மூடினால் என்ன கோளாறு என்று அவரிடம் சொல், போதும், மீதியை அவர் கேட்டுக்கொள்வார். நான் டீ ஊற்றுகிறேன். பையில் ஃபிளாஸ்கோடு மூன்று டம்ளர் வைத்திருக்கிறார், சற்று முன்னால்தான் பார்த்தேன். இரண்டு பேருக்கு எதற்கு மூன்று என்றேன். "வழியில ஒன்னு ஒடைஞ்சா என்ன பண்ணுவ?" என்றார். எவர்சில்வர் டம்ளர் எப்படி உடையும் என்று நான் கேட்கவில்லை.

நீ வராமலும் போகலாம். உன் கோபத்துக்கும் நியாயம் இருக்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வராமல் போனால் அந்த மனுஷன் நாற்பத்து மூன்று நிமிஷமும் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் உட்கார்ந்து நான் அதைப் பார்க்க வேண்டும், பிறகு இரண்டு நாள் அதே வழியில் அவரோடு திரும்பி வர வேண்டும். என்னால் அது முடியாது. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாடியில் லாரிக்காரர் நடக்கிற சத்தம் கேட்கிறது, மணி ஐந்தாகப் போகிறது. இன்னும் பால்காரருக்குச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டில் சாவி கொடுக்கவில்லை, என் முட்டித் தைலம் எந்தப் பைக்குள் போனது என்று தெரியவில்லை, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

நீ எங்கே இருந்தாலும் கை கால் சுகத்தோடு, மனசில் பாரமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். குழிக்குள் இறங்கும்போது மெயின் சுவிட்சை நீயே அணைத்துவிட்டு இறங்கு, அடுத்தவர் அணைத்தேன் என்று சொல்வதை நம்பாதே. சனிக்கிழமை, பதினொன்று பன்னிரண்டு. வண்டி முன்னால் வந்தாலும் வரும், நீ பதினொன்று ஐந்துக்கே வந்து நில், அதுவும் உன் அப்பாவின் கணக்குத்தான்.

இப்படிக்கு,
நடுவில் நின்று கால் வலித்துப்போன
உன் அம்மா

மடிக்கப் போன கடிதத்தை மறுபடி பிரித்துவிட்டேன். அப்பா இப்போது தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தார். "உங்க அக்காவுக்கா?" என்று கேட்டார், நான் தலை நிமிராமல் ஆமாம் என்றேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார், அவர் கழுவி நான் பார்த்ததே இல்லை. வாசல் வரைக்கும் போனவர் முதுகைக் காட்டிக்கொண்டே நின்று, "கடைசிலேருந்து மூணாவது பெட்டின்னு எழுது. அந்த பிளாட்பாரம் ரொம்ப நீளம், ஒவ்வொரு ஜன்னலா தேடிக்கிட்டு ஓட வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகாத ஊர் பிளாட்பாரத்தின் நீளத்தை யாரிடம் விசாரித்தாரோ தெரியவில்லை. கடைசியிலிருந்து மூன்றாவது பெட்டி, கண்ணு. அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன்.